லாரி இல்லாத நூற்றைம்பது மைல்

அக்டோபர் 3 – கம்பர்லாந்து, மேரிலாந்து

இன்று சைக்கிள் ஓட்டவில்லை. வந்து இறங்கி, வாடகை வண்டிகளை எடுத்து, காற்றும் பிரேக்கும் பார்த்து, பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் பைகளை மாட்டி வைத்ததோடு சரி. நாளைக் காலை நானும் அக்காவும் இங்கிருந்து பிட்ஸ்பர்க்குக்குக் கிளம்புகிறோம். கிரேட் அலெகேனி பாஸேஜ் என்று பெயர். 150 மைல், கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர். ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக்கிக் கொட்டி அழுத்தியிருக்கிறார்கள். காருக்கும் மோட்டார் பைக்குக்கும் அனுமதி இல்லை. நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் போகலாம், சில இடங்களில் ஓரத்துப் புல்லில் குதிரையும் போகலாம். கட்டணம் ஒன்றும் கிடையாது.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவளுக்கு 61 வயது. திருச்சியில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாதி சர்வீஸ் வரைக்கும் சைக்கிளில்தான் ஆபீஸ் போனாள். ஒரு நாள் சாயங்காலம் பின்னால் வந்த லாரி ஹேண்டில்பாரை உரசிக்கொண்டு போனது. சாக்கடை ஓரம் விழுந்தாள். அடி ஒன்றும் பெரிதில்லை, ஆனால் அன்றோடு சைக்கிளை மறந்துவிட்டாள். இப்போது பிட்ஸ்பர்க்கில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இந்தப் பாதையைப் பற்றி போனில் சொன்னபோது முதல் கேள்வி, "லாரி வராதுல்ல?" என்பதுதான். "ஸ்கூட்டர்கூட வராதுக்கா" என்றேன். "அப்ப நான் வர்றேன்" என்றாள்.

ராத்திரிச் சாப்பாடு செங்கல் பதித்த பழைய கடைவீதியில். காளானும் குடைமிளகாயும் போட்ட பீட்சா 19 டாலர், இரண்டு பேருக்கும் தாராளம். சாப்பிட்டுவிட்டுக் கால்வாய் வரைக்கும் நடந்தோம். வாஷிங்டனிலிருந்து 184.5 மைல் வெட்டிக்கொண்டு வந்த செசபீக் – ஒஹாயோ கால்வாய் இங்கேதான் முடிகிறது. ஒஹாயோ ஆறு வரை போகவேண்டும் என்பது திட்டம். 1850இல் கால்வாய் இங்கே வந்து சேர்வதற்கு எட்டு வருஷம் முன்பே ரயில் வந்துவிட்டது. அதற்கு மேல் மலைக்குள் கால்வாயை வெட்ட யாருக்கும் மனசு வரவில்லை. நாளை நாங்கள் அந்த மலையில் ஏறவேண்டும்.

அக்டோபர் 4 – கம்பர்லாந்து முதல் மேயர்ஸ்டேல், பென்சில்வேனியா

காலையில் நல்ல குளிர், 6 டிகிரி. அக்கா ஸ்வெட்டர், மப்ளர், கையுறை என்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டாள். முதல் மூன்று மைலிலேயே ஒவ்வொன்றாகக் கழற்றிப் பைக்குள் திணித்தாள். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பி நிற்க, நடுவில் ஓடையும் சாலையும் ரயில்பாதையும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அந்த இடுக்கைக் கடந்ததும் சத்தம் அடங்கிவிட்டது.

ஏற்றம் 24 மைல். கம்பர்லாந்து கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 அடி உயரத்தில் இருக்கிறது, உச்சி 2,392 அடி. கேட்கும்போது பயமாக இருக்கும். ஆனால் ரயில் எஞ்சின் ஏறுவதற்குப் போட்ட பாதை என்பதால் சரிவு எந்த இடத்திலும் நூற்றுக்கு இரண்டு அடியைத் தொடவில்லை. கண்ணுக்கு ஏற்றம் என்றே தெரியாது, தொடைக்கு மட்டும் தெரியும். சின்ன கியரில் போட்டுவிட்டு மூச்சு வாங்காத வேகத்தில் மிதித்தால் போதும். அக்காவின் வலது முட்டிதான் என் கவலை. ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் "முட்டி எப்படிக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஏழாவது கல்லில், "நீ கேக்கிறதுதாண்டி வலிக்குது" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

ஃப்ராஸ்ட்பர்க் வரை பக்கத்திலேயே சுற்றுலா ரயில் ஒன்றின் தண்டவாளம் வருகிறது. ஒரு வளைவில் ரயிலே வந்துவிட்டது. இரண்டு ஆள் நீளம்தான் இடைவெளி. ஜன்னலில் இருந்த குழந்தைகள் கையாட்டினார்கள். அக்கா சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைசிப் பெட்டி போகும்வரை கையாட்டிக்கொண்டே இருந்தாள்.

ஃப்ராஸ்ட்பர்க் ஊர் பாதைக்கு மேலே இருக்கிறது. வளைந்து வளைந்து ஏறவேண்டும், வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போனோம். காலையில் விடுதி அறையின் மைக்ரோவேவில் செய்த எலுமிச்சை சாதமும் மாவடுவும் டப்பாவில் இருந்தன. காபி மட்டும் கடையில், 3.25 டாலர். பக்கத்து மேசையில் இருந்த தம்பதி டப்பாவைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார்கள். அக்கா ஒரு மாவடுவை எடுத்து நீட்டினாள். அந்த அம்மா கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு நிமிஷம் பேச்சில்லாமல் இருந்து, பிறகு இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார்.

மதியத்துக்கு மேல் மேசன் – டிக்சன் கோடு. மேரிலாந்துக்கும் பென்சில்வேனியாவுக்கும் நடுவில் 1763 முதல் 1767 வரை அளந்து போட்ட எல்லை. பிற்பாடு அடிமைமுறை இருந்த மாநிலங்களுக்கும் இல்லாத மாநிலங்களுக்கும் எல்லையாகப் பேசப்பட்டதும் இதுதான். பாதையின் குறுக்கே கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். சைக்கிளில் அரை நொடியில் தாண்டிவிட்டோம். தெற்கிலிருந்து தப்பி நடந்து வந்தவர்களுக்கு இந்தக் கோட்டைத் தாண்டினாலும் பயம் தீர்ந்திருக்காது என்று அக்காவிடம் சொன்னேன். அவள் திரும்பி நடந்துபோய் அந்தக் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தாள்.

பிக் சாவேஜ் குகைப்பாதைக்குச் சற்று முன்னால் மரங்கள் விலகி, கிளம்பி வந்த திசை முழுக்கத் தெரிகிறது. மலை வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக, கிட்டத்தில் சிவப்பும் மஞ்சளும், தூரம் போகப்போக நீலம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மனசு வராது. குகை 3,294 அடி நீளம், ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். உள்ளே விளக்கு இருக்கிறது. ஆனால் குளிர்! கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் கழுத்துக்குள் இறங்குகிறது. பனிக்காலத்தில் இந்த ஈரம் உறைந்து சுவரைப் பிளந்துவிடும் என்பதால் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை இரண்டு முனையிலும் கதவு போட்டு மூடிவிடுவார்களாம். உள்ளே போனதும் அக்கா சத்தமாக என் பெயரைக் கூப்பிட்டாள். எதிரொலி வந்து சேர நேரமாகிறது.

குகையைத் தாண்டி இரண்டு மைலுக்குள் உச்சி. இதற்குக் கிழக்கே விழும் மழை பொட்டோமாக்கில் சேர்ந்து செசபீக் விரிகுடாவுக்குப் போகும். மேற்கே விழுவது காசல்மன், யாக்கியகேனி, மனங்கஹீலா, ஒஹாயோ, மிசிசிப்பி என்று ஆறு மாறி ஆறு போய் மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும். அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஊற்றினாள். அப்புறம் மேயர்ஸ்டேல் வரை மிதிக்கவே வேண்டாம் போல இறக்கம்.

அக்டோபர் 5 – மேயர்ஸ்டேல் முதல் ஒஹாயோபைல்

தூக்கம் சரியில்லை. ராத்திரி முழுக்க ஊருக்குள் சரக்கு ரயில். ஒவ்வொரு கிராசிங்கிலும் ஹார்ன். விடுதிக்காரம்மா காதுக்கு வைக்கும் பஞ்சுக்கட்டை மேசையில் வைத்திருந்தபோதே புரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் காலைச் சாப்பாட்டில் எல்லாக் கோபமும் போய்விட்டது. பான்கேக்கும், இந்த ஊர் மேப்பிள் மரத்தில் எடுத்த பாகும். நான் இதுவரை கடையில் வாங்கிய பாகுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. லேசாகப் புகை வாசனை, இனிப்பு கடைசியில்தான் தெரிகிறது. அரை லிட்டர் 16 டாலர். வாங்கிப் பைக்குள் துணிக்கு நடுவில் வைத்தோம்.

பழைய ரயில் நிலையத்தைத் தகவல் மையமாக்கியிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருந்த தொண்டர் எழுபதைத் தாண்டியவர். ரயில் எப்படிப் பாதையானது என்று கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். இந்தப் பள்ளத்தாக்கில் ஆற்றுக்கு ஒரு கரையில் ஒரு ரயில் கம்பெனி, மறு கரையில் போட்டிக் கம்பெனி. வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே 1912இல் பாலமும் குகையுமாகப் பெரும் செலவில் இந்தத் தடத்தைத் திறந்தது. பிறகு இரண்டும் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தபோது ஒரு தடம் போதும் என்றாகிவிட்டது. 1975இல் இதை மூடினார்கள். மறு கரையில் ஓடுவதுதான் எங்களைத் தூங்கவிடாத ரயில். 1986இல் ஒஹாயோபைல் பக்கத்தில் ஒன்பது மைல் மட்டும் சைக்கிளுக்குத் திறந்தார்கள். அங்கிருந்து துண்டு துண்டாக நிலத்தையும் பாலத்தையும் பேசிப் பேசி வாங்கி, 2013இல்தான் பிட்ஸ்பர்க்கின் கடைசித் துண்டு சேர்ந்தது. 27 வருஷம். மரம் வெட்டுவது, குழி அடைப்பது எல்லாம் இன்றும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்தானாம். விடைபெறும்போது அக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஊரைத் தாண்டியதும் சாலிஸ்பரி பாலம். 1,908 அடி நீளம், கீழே காசல்மன் ஆறு, நெடுஞ்சாலை, அந்த இன்னொரு ரயில், சோளக்காடு எல்லாம் ஒன்றாக. மலை முகட்டில் காற்றாலைகள். நடுப்பாலத்தில் மழை பிடித்துக்கொண்டது.

அடுத்த நான்கு மணி நேரம் மழைதான். பாதையில் சேறு இல்லை. சுண்ணாம்புப் பொடி தண்ணீரை உள்ளே இழுத்துவிடுகிறது. ஆனால் அந்தப் பொடி சாம்பல் நிறக் குழம்பாகச் சக்கரத்திலிருந்து எகிறி முதுகு, பை, செயின் என்று எங்கும் ஒட்டுகிறது. ராக்வுட் வருவதற்குள் அக்காவின் செயின் நறநறவென்று கத்த ஆரம்பித்தது. ஒரு கூரையின் கீழ் ஒதுங்கினோம். அங்கே ஏற்கெனவே நின்றிருந்த தாடிக்காரர் ஒன்றும் கேட்காமல் அக்காவின் வண்டியைத் தலைகீழாகத் திருப்பினார். தன் குடிதண்ணீரை ஊற்றிச் செயினைக் கழுவி, பழந்துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைக் கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டார். சத்தம் போனதும் என் வண்டியைக் காட்டி, கொண்டு வா என்று தலையசைத்தார். பத்து நிமிஷத்தில் அவர் பேசியது நான்கு வார்த்தை இருக்கும். முறுக்குப் பொட்டலம் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்.

மழையிலும் காடு அழகாகத்தான் இருந்தது. ஈரத்தில் ஓக் மரத்தின் பட்டை கறுத்துவிட, மஞ்சள் இலைகளின் நிறம் கூடித் தெரிந்தது. பிங்கர்ட்டன் என்ற இடத்தில் ஆறு ஒரு பெரிய வளையம் அடிக்கிறது, பாதை குறுக்கே குகையில் நுழைந்து மறுபக்கம் ஆற்றைப் பிடித்துவிடுகிறது. கன்ஃப்ளூயன்ஸ் ஊரில் மூன்று ஆறுகள் சேருகின்றன. அங்கே தக்காளி சூப்பும் சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டியும், ஆளுக்கு 11 டாலர். உணவகத்துப் பெண் நாங்கள் நனைந்து நிற்பதைப் பார்த்துவிட்டுச் சூப்பை இரண்டாவது தடவையும் ஊற்றினாள். அதற்குக் காசு வாங்கவில்லை.

கடைசி பத்து மைல் யாக்கியகேனி ஓரம். இங்கே எல்லோரும் யாக் என்றுதான் சொல்கிறார்கள். மழை விட்டு, ஆற்றிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அக்கா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஒரு கையை விட்டு, இன்னொரு கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு, பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஊரில் சைக்கிள் ஓட்டியபோது அவள் கழுத்து எப்போதும் பின்பக்கம் திரும்பியே இருக்கும். என்ன வருகிறது, எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று. இங்கே பின்னால் வருகிறவர்கள் மணியடித்து, இடப்பக்கம் வருகிறேன் என்று குரல் கொடுத்து, தாண்டும்போது நன்றியும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அக்டோபர் 6 – ஒஹாயோபைல் முதல் வெஸ்ட் நியூட்டன்

ஒஹாயோபைலில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் நூறு பேர்கூட இல்லை. சுற்றிலும் மாநிலப் பூங்கா. ஊர் நடுவிலேயே ஆறு முழு அகலத்துக்கும் பாறை மேலிருந்து விழுகிறது. நேற்றைய மழைத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. உயரம் அதிகமில்லை, ஆனால் சத்தம் நெஞ்சுக்குள் கேட்கிறது.

அங்கிருந்து கானல்ஸ்வில் வரையிலான 17 மைல்தான் என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் உச்சம். முதலில் ஆற்றின் மேல் உயரப் பாலம். கீழே ரப்பர் படகுகள் நுரைக்குள் விழுந்து எழுகின்றன. பிறகு பள்ளத்தாக்கு குறுகி, பாதை மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு போகிறது. சாலை இல்லை, வீடு இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. ரோடோடென்ட்ரான் புதர்கள் தோல் போன்ற இலைகளோடு இன்னும் பச்சையாக நிற்க, மேலே மேப்பிளும் ஓக்கும் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. பாதை முழுக்க இலை. டயருக்கு அடியில் சரசரவென்று ஒரே சத்தம். காட்டு வான்கோழிக் கூட்டம் ஒன்று அவசரமில்லாமல் குறுக்கே நடந்துபோனது. நின்று காத்திருந்தோம்.

கானல்ஸ்வில்லில் பசி. திங்கட்கிழமை என்பதால் நாங்கள் குறித்து வைத்திருந்த இரண்டு இடமும் பூட்டு. கதவில் நேரம் எழுதியிருக்கவில்லை, இணையத்தில் திறந்திருப்பதாகக் காட்டியது. எரிச்சலாகத்தான் இருந்தது. தெருவில் போன ஒருவர் இன்னொரு கடையைக் காட்டினார். அங்கே பியரோகி கிடைத்தது. மைதா மேல்மாவுக்குள் உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து மடித்து, வேகவைத்து, வெண்ணெயில் வெங்காயத்தோடு வதக்கியது. காரம் மட்டும் சேர்த்தால் நம் உப்புக் கொழுக்கட்டைதான். அக்கா பையிலிருந்து இட்லிப் பொடியை எடுத்துத் தூவினாள். ஒரு தட்டு 9 டாலர், மூன்று தட்டு சாப்பிட்டோம்.

பியரோகி இங்கே வந்த கதை சுரங்கத்தின் கதை. போலந்து, ஸ்லோவாகியா பக்கத்திலிருந்து நிலக்கரி வெட்ட வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. கானல்ஸ்வில் நிலக்கரியைச் சூளையில் வேகவைத்துக் கோக் என்ற உலை எரிபொருளாக்கி, பிட்ஸ்பர்க்கின் இரும்பு உலைகளுக்கு அனுப்பினார்கள். ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கே இரவும் பகலும் புகையில் கிடந்திருக்கிறது. நாங்கள் காலையிலிருந்து ஆதிக்காடு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டு வந்ததில் பெரும்பகுதி வெட்டித் தீர்த்த பிறகு மறுபடி முளைத்த காடு. கானல்ஸ்வில்லுக்குக் கீழே அந்தக் காலத்தின் தடம் கண்ணில் படுகிறது. ஓரத்துப் பாறைகளில் சில இடங்களில் ஆரஞ்சு நிறத்தில் தண்ணீர் வடிகிறது. கைவிட்ட சுரங்கத்திலிருந்து கசியும் இரும்புத் தண்ணீர்.

வெஸ்ட் நியூட்டனுக்கு முன்னால் டார் சுரங்கம் இருந்த இடம். 1907 டிசம்பர் 19 அன்று உள்ளே வெடித்து 239 ஆண்களும் சிறுவர்களும் செத்துப்போனார்கள். பென்சில்வேனியாவின் மிக மோசமான நிலக்கரிச் சுரங்க விபத்து. அன்று புனித நிக்கோலஸ் திருநாள் என்று சர்ச்சுக்குப் போனதால் பிழைத்தவர்கள் பலர். தகவல் பலகையை அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள். "பசங்களையும் இறக்கியிருக்காங்க பாரு" என்றாள். அதற்கப்புறம் வெஸ்ட் நியூட்டன் வரை இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை.

விடுதி 120 டாலர். வெந்நீர் தாராளமாக வந்தது.

அக்டோபர் 7 – வெஸ்ட் நியூட்டன் முதல் பிட்ஸ்பர்க்

இன்று வெயில். காடு கொஞ்சம் கொஞ்சமாக விலகி, மக்கீஸ்போர்ட்டில் யாக் ஆறு மனங்கஹீலாவில் சேர்ந்ததும் பாதையும் தார்ப்பாதையாகிவிட்டது. அதற்கு மேல் இரும்பின் ராஜ்யம். அக்கரையில் பிராடக் உருக்காலை 1875இல் தொடங்கியது, இன்னும் புகைகிறது. ரயில் தண்டவாளங்களுக்கு மேலே சைக்கிளுக்கென்றே பாலம் கட்டித் தூக்கிக் கொண்டுபோகிறார்கள்.

ஹோம்ஸ்டெட்டில் ஆற்றோரம் செங்கல் கட்டடம் ஒன்று தனியாக நிற்கிறது, பம்ப் ஹவுஸ். 1892 ஜூலை 6 அன்று, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்கும் கம்பெனி படகில் இறக்கிய பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்களுக்கும் இங்கே துப்பாக்கிச் சண்டை நடந்தது. இரண்டு பக்கமும் உயிர் போயிற்று. வங்கி யூனியனில் இருந்தவள் என்பதால் அக்காவுக்கு இந்த இடத்தை முன்பே தெரியும். சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஆற்றங்கரை வரை இறங்கிப் பார்த்துவிட்டு வந்தாள். பக்கத்தில் ஆலை இருந்த நிலம் இப்போது வணிக வளாகம். பன்னிரண்டு புகைபோக்கிகளை மட்டும் வரிசையாக விட்டு வைத்திருக்கிறார்கள்.

உருகிய இரும்பை உலையிலிருந்து ஆற்றைத் தாண்டி ஆலைக்கு ரயிலில் கொண்டுபோன ஹாட் மெட்டல் பாலத்தில் இப்போது சைக்கிள் போகிறது. அதில் ஏறி அக்கரை சேர்ந்தோம். நகரத்துக்குள் பாதை சில இடங்களில் பார்க்கிங் ஓரமாகவும் தெருவோரமாகவும் போகிறது. ஒரு சந்திப்பில் காரோட்டி ஒருவர் முழுசாக நிறுத்தி, கையைக் காட்டி எங்களைப் போகச் சொன்னார். அக்கா போகவில்லை. அவர் போகட்டும் என்று இவள் கைகாட்ட, இவள் போகட்டும் என்று அவர் கைகாட்ட, பின்னால் வந்த கார்களும் ஹார்ன் அடிக்காமல் நின்றன. நான் "போக்கா, அவரு நிக்கிறாரு" என்ற பிறகுதான் மிதித்தாள்.

அலெகேனியும் மனங்கஹீலாவும் கூடி ஒஹாயோ ஆறாகிற முனையில் பெரிய நீரூற்று இருக்கிறது. பாதை அங்கே முடிகிறது. மகன் குடும்பத்தோடு காத்திருந்தான். பேத்தி பாட்டியின் சாம்பல் படிந்த காலைப் பார்த்து மிரண்டுவிட்டாள். நேராகப் பென் ஹில்ஸ் மலைமேல் இருக்கும் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். எழுபதுகளில் கட்டியது. அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் பலரும் ஒரு தடவையாவது வந்திருப்பார்கள். கைகால் கழுவி, கும்பிட்டுவிட்டு, கேன்டீனில் புளியோதரையும் தயிர் சாதமும். நான்கு நாள் ரொட்டிக்குப் பிறகு அந்தப் புளியோதரையின் ருசியை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது.

போக நினைக்கிறவர்களுக்கு: முட்டி வலி இருப்பவர்கள் தயங்க வேண்டாம். ஏற்றம் பிடிக்காவிட்டால் பிட்ஸ்பர்க்கிலிருந்து தொடங்குங்கள், அந்தப் பக்கச் சரிவு இதைவிட மெதுவானது. டயர் கொஞ்சம் அகலமாக, 38 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். செயின் எண்ணெயும் பழந்துணியும் அவசியம். திங்களும் செவ்வாயும் சின்ன ஊர்களில் சாப்பாடு கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு கையில் எதையாவது எடுத்துப் போங்கள். வாடகை சைக்கிள் எங்களுக்கு நாளுக்கு 40 டாலர் ஆனது. அக்கா ஊருக்குத் திரும்புவது டிசம்பரில். அதற்குள் கால்வாய்க் கரைப் பாதையில் வாஷிங்டன் பக்கத்து 60 மைலையாவது ஓட்டிவிட வேண்டும் என்று இப்போதே மகனிடம் தேதி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.